கேமிங் கணினி பூட்டுவோருக்கு: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைத்தான் கேட்டிருக்கின்றன. கேம் விளையாடுவதற்கென்று பாகம் பாகமாக வாங்கிக் கணினி பூட்டுவது எப்படி, எதில் காசைப் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது என்பவைதான் அவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டோம். பதில்களில் திருகோணமலையின் வெக்கையையும் உப்புக் காற்றையும் வீட்டு மின்சாரத்தையும் சேர்த்தே பார்த்திருக்கிறோம். இணையத்தில் நீங்கள் பார்க்கும் வெப்பநிலைப் பரிசோதனைகள் பெரும்பாலும் 22, 23 பாகை அறையில் செய்தவை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் அறைகள் அப்படி இருப்பதில்லை.

உவர்மலை வாசகர்: கையில் இரண்டரை இலட்சம் ரூபா இருக்கிறது. மொனிட்டர் வேறாக வாங்குவேன். வலோரன்ட், ஜிடிஏ 5, ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி விளையாடுவேன். இன்டெல் ஐ7 புரொசெசர் போட்டால்தான் கேம் ஓடும் என்று கடையில் சொல்கிறார்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பதில்: ஐ7 என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. 2013 இல் வந்த ஐ7-4770 ஐவிட 2022 இல் வந்த ஐ3-12100 கேமில் வேகமானது. யாராவது ஐ7 என்றால் எத்தனையாம் தலைமுறை என்று கேளுங்கள். 4ஆம், 6ஆம் தலைமுறை என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

கேமிங் கணினியில் முதல் பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. மொத்தக் காசில் 35 முதல் 40 வீதம் அதற்கே போக வேண்டும். புரொசெசருக்கு 15 வீதம் அளவு, மதர்போர்டுக்கு 12 வீதம் அளவு, பவர் சப்ளைக்கு 8 முதல் 10 வீதம். மிச்சத்தில்தான் ரேம், எஸ்எஸ்டி, கேசிங். விலைகள் வாரத்துக்கு வாரம் மாறினாலும் இந்தப் பங்கீடு பெரிதாக மாறாது. ரேம் மட்டும் விதிவிலக்கு. 2025 இன் கடைசி மாதங்களிலிருந்து உலகம் முழுவதும் அதன் விலை ஏறிவிட்டது. அந்த ஏற்றத்தைப் பவர் சப்ளையில் வெட்டிச் சமாளிக்காதீர்கள். கேசிங்கிலும் லைட் போட்ட ஃபேன்களிலும் வெட்டுங்கள்.

உங்கள் தொகைக்கும் நீங்கள் சொன்ன கேம்களுக்கும் பொருந்துவது 24 அங்குல 1080பி மொனிட்டர். 144 அல்லது 165 ஹேர்ட்ஸ் பாருங்கள். அதற்கு ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600, அல்லது காசு எட்டினால் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 போதும். இரண்டிலும் 8 ஜிபி நினைவகம் இருக்கிறது. 4 ஜிபி கார்ட் எதையும் புதிதாக வாங்க வேண்டாம். புதிய கேம்கள் அந்த அளவுக்குள் அடங்குவதில்லை. நினைவகம் நிரம்பியதும் படம் வெட்டி வெட்டி ஓடும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைத்தாலும் தவிருங்கள். பிசிஐ என்பது கார்டும் மதர்போர்டும் தரவு பரிமாறும் பாதை, அதில் நான்கே லேன்களில் (தடங்களில்) ஓடும் கார்ட் அது, பழைய பிசிஐ 3.0 மதர்போர்டில் போட்டால் இன்னும் மந்தமாகும்.

புரொசெசராக ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5-12400எஃப் எடுக்கலாம். இரண்டும் 6 கோர், 12 திரெட். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 5600, 5500, 5600ஜி என்று மூன்று பெயர்கள் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. 5600 இல் 32 எம்பி எல்3 கேஷ் (புரொசெசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), பிசிஐ 4.0 உண்டு. 5500 இலும் 5600ஜி இலும் 16 எம்பி கேஷும் பிசிஐ 3.0 உம்தான். தனிக் கிராபிக்ஸ் கார்ட் போடுபவருக்கு 5600தான் சரி. 5600ஜி இன் வேலை வேறு. கார்ட் வாங்கக் காசு சேரும்வரை உள்ளேயிருக்கும் கிராபிக்ஸில் ஓட்ட நினைப்பவருக்கு அது நல்லது. இன்டெலில் பெயர் முடிவில் எஃப் இருந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது. கார்ட் பழுதானால் திரையே வராது.

ரைசன் 5600 உட்காருவது மதர்போர்டின் ஏஎம்4 என்ற பழைய புரொசெசர் சொக்கெட்டில். இனி அதற்குப் பெரிய முன்னேற்றம் வராது. ஏஎம்5 இல் ரைசன் 5 7500எஃப் அல்லது 7600 எடுத்தால், 2027 வரையாவது அந்தச் சொக்கெட்டைத் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருப்பதால், பின்னர் புரொசெசரை மட்டும் மாற்றலாம். ஆனால் அதற்கு டிடிஆர்5 என்ற புதிய ரக ரேம் கட்டாயம். உங்களிடம் பழைய கணினியில் நல்ல டிடிஆர்4 ரேம் இருந்தால் ஏஎம்4 இலேயே நில்லுங்கள், மிஞ்சும் காசு கார்டுக்குப் போகட்டும். எல்லாவற்றையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால் இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் மொத்தத்தில் பத்து வீதத்துக்குள் இருந்தால் ஏஎம்5 எடுப்பதே புத்தி.

ஏஎம்4 என்றால் மதர்போர்ட் பி550 ஆக இருக்கட்டும். ஏ520 இலும் பி450 இலும் பிசிஐ 3.0தான். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டும் எட்டு லேன் கார்டுகள் என்பதால் அங்கே கொஞ்சம் வேகம் இழக்கும். பி450 என்றால் இன்னொரு தலையிடியும் உண்டு. பயோஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) பழையதாக இருந்தால் 5600 ஐ அடையாளமே காணாது. வாங்கும்போதே பயோஸை அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

ரேம் 16 ஜிபி என்றால் 8 ஜிபி இரண்டு குச்சியாக வாங்குங்கள். ஒற்றை 16 ஜிபி குச்சி போட்டால் ரேமுக்கான பாதை பாதியாகும். எஸ்எஸ்டி 1 டிபி, மதர்போர்டிலேயே நேராகப் பொருந்தும் வேகமான என்விஎம்இ ரகம். ஜிடிஏ 5 மட்டுமே 100 ஜிபிக்கு மேல் பிடிக்கும், 500 ஜிபி சீக்கிரமே நிரம்பிவிடும்.

கேசிங்கின் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வேண்டும். முன்னால் உள்ளிழுக்கும் ஃபேன் இரண்டு, பின்னால் வெளித்தள்ளும் ஃபேன் ஒன்று. உள்ளே போகும் காற்று கூடுதலாக இருந்தால் தூசி வடிகட்டி வழியாகவே காற்று நுழையும், இடுக்குகளால் தூசியை இழுக்காது.

பாலையூற்று வாசகி: மகனுக்குக் கணினி பூட்டுகிறோம். கேசிங்குடன் 500 வொட் பவர் சப்ளை சேர்த்தே வருகிறது, அதுவே போதும் என்கிறார் கடைக்காரர். தனியாக வாங்கினால் விலை கூட. தேவையா?

பதில்: தேவை, அம்மா. மற்ற எந்தப் பாகம் பழுதானாலும் அது மட்டும்தான் போகும். பவர் சப்ளை மோசமாகப் பழுதானால் மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக்கொண்டு போகும்.

கேசிங்குடன் வரும் பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். பெரிய எழுத்தில் 500 வொட் என்று இருக்கும். அதற்குக் கீழே உள்ள கட்டத்தில் 12 வோல்ட் என்ற நிரலில் எத்தனை அம்பியர் என்று தேடுங்கள். புரொசெசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அம்பியரை 12 ஆல் பெருக்கினால் உண்மையான வொட் வரும். 22 அம்பியர் என்று இருந்தால் 264 வொட் மட்டுமே. ஒழுங்கான 550 வொட் சப்ளையில் அந்த நிரலில் 45 அம்பியர் அளவு இருக்கும், அதாவது 540 வொட். கையில் தூக்கிப் பார்த்தாலும் ஓரளவு விளங்கும். வெற்றுத் தகரம்போல் இலேசாக இருந்தால் உள்ளே சுருளும் வெப்பத்தகடும் போதியளவு இல்லை.

ரைசன் 5600 உச்சத்தில் சொக்கெட் வழியாக எடுப்பது 76 வொட். ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132 வொட். மதர்போர்ட், ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு 50 வைத்தாலும் 260 ஐத் தாண்டாது. அப்படியானால் 300 வொட் போதாதா என்று கேட்கலாம். போதாது. கிராபிக்ஸ் கார்ட் சில மில்லிசெக்கன்ட் நேரத்துக்குத் தன் அளவைவிட மிக அதிகமாக இழுக்கும். மலிவான சப்ளை அந்த இடத்தில் நின்றுவிடும், அல்லது வோல்டேஜ் சரிந்து கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். பிள்ளை கேமைக் குறை சொல்வான், பிழை சப்ளையில் இருக்கும்.

80 பிளஸ் புரோன்ஸ் முத்திரையுள்ள 550 வொட் எடுங்கள். அந்த முத்திரை மின் விரயம் எவ்வளவு என்பதைத்தான் சொல்கிறது. பரிசோதனையும் 23 பாகையில்தான் நடக்கிறது. ஆகவே முழு வொட்டையும் எத்தனை பாகை வரை தரும் என்று பெட்டியிலோ நிறுவனத்தின் தளத்திலோ பாருங்கள். 40 அல்லது 50 பாகை என்று எழுதியிருந்தால் எங்கள் ஊருக்குச் சரி. ஐந்து வருட வொரன்டி உள்ளதாகப் பார்த்தால் இன்னும் நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. கேபிள்கள் கழற்றக்கூடிய மொடியூலர் சப்ளை வாங்கினால், வேறு சப்ளையின் கேபிளை அதில் மாட்டவே கூடாது. கணினிப் பக்கத்து முனை ஒரேமாதிரி இருந்தாலும் சப்ளைப் பக்கத்து முனையில் கம்பி வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. சரியாகப் பொருந்தும், பவர் போட்டவுடன் எஸ்எஸ்டி எரியும்.

லிங்கநகர் வாசகர்: புதிதாகப் பூட்டிய கணினியின் கேசிங்கைத் தொட்டால் விர்ரென்று இழுக்கிறது. செருப்புப் போட்டிருந்தால் தெரியவில்லை. பவர் சப்ளை பழுதா?

பதில்: அநேகமாக இல்லை. உங்கள் வீட்டு எர்த் பழுது.

எல்லாக் கணினிப் பவர் சப்ளையிலும் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக லைவிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகப் பெட்டிக்குச் சிறிய கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அதன் வழியே கசியும் மின்சாரம் நிலத்துக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டின் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட், கேசிங்கில் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் விர்ரென்று மட்டும் இழுக்கிறது. ஆனால் உண்மையிலேயே ஒருநாள் சப்ளைக்குள் லைவ் கம்பி பெட்டியில் முட்டினால், அதை நிலத்துக்கு அனுப்ப எதுவும் இருக்காது, தொடுபவர் உடம்பைத் தவிர. எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் மாட்டும்போது போர்ட் எரிவதற்கும் இது ஒரு காரணம்.

முதலில் இடையில் இருக்கும் அடப்டரைப் பாருங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் சொக்கெட்டில் செருக உதவும் அடப்டர் எர்த்தை வெட்டிவிடுகிறது. மலிவான மல்டிபிளக் சிலவற்றில் மூன்றாவது துளை இருந்தும் உள்ளே எர்த் தகடு இருப்பதில்லை. கணினியை நேராகச் சுவர்ச் சொக்கெட்டில் மாட்டியும் இழுத்தால் வயரிங்கில்தான் கோளாறு. மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு லைவுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 230 க்குக் கிட்ட வர வேண்டும், அதைவிட வெகுவாகக் குறைந்தாலோ ஆடினாலோ எர்த் துண்டிக்கப்பட்டிருக்கிறது. கடற்கரை மண்ணில் எர்த் கம்பியின் பிடி துருப்பிடித்துக் கழல்வது வழக்கம், அதையும் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமத்தினால் விழுகிறது, ஆகவே எர்த் சரி என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பட்டன் ட்ரிப் சுவிட்சை மட்டுமே பரிசோதிக்கிறது. எர்த்தே இல்லாத வீட்டிலும் அது விழும்.

டைக் வீதி வாசகர்: வீடு கடற்பக்கம். முந்திய கணினியின் பின்பக்கப் போர்ட்கள் எல்லாம் பச்சை பிடித்துப் போயின. புதியதை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: காற்றோடு வரும் உப்பு தூசியில் சேர்ந்து பாகங்களில் படிகிறது. ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். மாரியில் இரவு முழுவதும் அந்த அளவுக்கு மேல்தான் இருக்கும். அந்தக் கரைசல் செம்பைத் தின்று பச்சையாக்குகிறது. போதாக்குறைக்கு மின்சாரத்தையும் கடத்துகிறது.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. உப்பு உள்ளே போவதைக் குறைப்பது, போனதை ஈரமாக விடாதிருப்பது. கணினியைக் கடற்பக்க யன்னலுக்கு நேரே வைக்காமல் உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். முன் வலையின் தூசி வடிகட்டியை இரண்டு வாரத்துக்கொரு தடவை கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். பாவிக்காத யூஎஸ்பி, எச்டிஎம்ஐ போர்ட்களுக்கு றப்பர் மூடி போடுங்கள். ரேம், பிசிஐ வெற்றுச் சொக்கெட்டுகளுக்கும் மூடி கிடைக்கிறது. தினமும் ஒரு மணித்தியாலமாவது கணினி ஓடினால் உட்சூடு ஈரத்தை விரட்டும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த கணினிதான் இங்கே சீக்கிரம் கெடுகிறது. ஊருக்குப் போவதானால் பெரிய பொலித்தீன் பையில் சிலிக்கா ஜெல் பைகளுடன் கட்டி வையுங்கள்.

மூன்று மாதத்துக்கொரு தடவை பக்கத்தைத் திறந்து புளோவரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பெயரிங் போகும். ரேம் முனைகளை 99 வீத ஐசோபுறப்பைல் அற்ககோல் தோய்ந்த துணியால் துடைக்கலாம். ஈரத்துணி, பெற்றோல், தின்னர் எதுவும் கிட்டப் போகக் கூடாது.

கிண்ணியா வாசகர்: பாவித்த ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கார்ட் மலிவாக வருகிறது. மைனிங்கில் ஓடியதாக இருக்கலாம் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா?

பதில்: மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்டும் வேலையில், ஓடியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டெம்பர் 15 இல் மைனிங் முறையைக் கைவிட்ட பிறகு உலகம் முழுவதும் இந்தக் கார்டுகள் பாவித்த சந்தைக்கு வந்து குவிந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒதுக்கத் தேவையில்லை. தேய்ந்திருப்பது பெரும்பாலும் ஃபேனும் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடும், அவற்றை மாற்றலாம். நினைவகச் சில்லு கெட்டிருந்தால்தான் மீட்சியில்லை. அதைவிடப் பெரிய பயம், நீங்கள் காசு கொடுக்கும் கார்ட் சொன்ன கார்டுதானா என்பது.

பார்க்கப் போகும்போது பென் டிரைவில் ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு போங்கள். அதைத் திறந்து ஷேடர்ஸ் என்ற கட்டத்தைப் பாருங்கள். உண்மையான ஆர்எக்ஸ் 580 என்றால் 2304. அங்கே 2048 என்றிருந்தால் அது குறைந்த ரகம், ஆர்எக்ஸ் 570 இன் அளவு. விலையை அந்த அளவுக்குப் பேசுங்கள். பல வருடப் பழைய சில்லுக்குப் புதுப் பெயர் எழுதிய போலிக் கார்டாக இருந்தால் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே அந்த மென்பொருள் காட்டும்.

அடுத்து, கார்டை முழு வேகத்தில் வேலை வாங்கும் ஃபர்மார்க் என்ற மென்பொருளைப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு எல்லாம் சரி என்று விற்பவர் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம், சூடு ஏறி நிலைப்பதற்கே பத்து நிமிடம் செல்லும். திரையில் சிறு சதுரங்களோ நிறப் புள்ளிகளோ தெறித்தால் நினைவகம் போய்க்கொண்டிருக்கிறது, எழுந்து வந்துவிடுங்கள். வெப்பநிலை 85 ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சூடு கடத்தும் பேஸ்டும் பேடும் காய்ந்திருக்கின்றன. அதைச் சொல்லி விலை குறைக்கலாம். ஃபேன் ஒவ்வொன்றையும் கரண்ட் இல்லாதபோது விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. கார்டின் முனையிலும் தகட்டிலும் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு இருந்தால் அது எங்கள் கடற்காற்றில் கிடந்த கார்ட். அதை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம்.

இந்தக் கார்ட் 185 வொட் எடுக்கும், ஆர்எக்ஸ் 6600 ஐவிட 50 வொட் கூட. வேகமோ குறைவு. 2017 இல் வந்த இதற்கு ஏஎம்டி டிரைவர் மேம்படுத்தலையும் குறைத்துவிட்டது. புதிய ஆர்எக்ஸ் 6600 விலையின் மூன்றிலொரு பங்குக்குக் கீழே கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

மூதூர் மாணவர்: அலுவலகத்தில் பாவித்த டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020 வாங்கி அதில் கிராபிக்ஸ் கார்ட் போட்டால் மலிவாக முடியுமா?

பதில்: மலிவாக முடியும், ஆனால் வாங்குமுன் பெட்டியின் அளவைப் பாருங்கள் தம்பி. சிறிய ரகத்தில் அரை உயரக் கார்ட் மட்டுமே நுழையும். அதன் பவர் சப்ளை 255 வொட், கார்டுக்குத் தனி பவர் கேபிள் இல்லை. மதர்போர்டுக்குப் போகும் பிளக்கும் வழமையான 24 முள் அல்ல, 8 முள். ஆகவே கடையில் கிடைக்கும் சாதாரண சப்ளையை நேராக மாற்ற முடியாது. மதர்போர்டின் பிசிஐ சொக்கெட்டிலிருந்தே 75 வொட்டுக்குள் எடுக்கும் அரை உயர ஜிடிஎக்ஸ் 1650, அல்லது ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி ரகம்தான் வழி. அதே 1650 இல் 6 முள் பவர் கேட்கும் ரகமும் உண்டு, படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, 9020 இல் இருப்பது இன்டெல் 4ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 அதற்கு முறையாகக் கிடையாது, விண்டோஸ் 10 இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. கொஞ்சம் காசு சேர்த்து ஐ5-8500 உள்ள 5060 அல்லது 7060 ரகத்தைத் தேடுங்கள். ஆறு கோர், விண்டோஸ் 11 ஓடும்.

அநுராதபுரச் சந்தி வாசகர்: வலோரன்ட் திறந்தால் வேன்9003 என்ற பிழைச் செய்தி வந்து நிற்கிறது.

பதில்: விண்டோஸ் 11 இல் அந்தக் கேமுக்கு செக்கியூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சங்கள் இரண்டும் வேண்டும். பயோஸில் சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறையை நிறுத்தி, செக்கியூர் பூட்டை இயக்குங்கள். டிபிஎம் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் இன்டெலில் பிடிடி என்றும் இருக்கும். முதலில் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையிலா என்று டிஸ்க் மெனேஜ்மென்டில் பாருங்கள். எம்பிஆர் என்ற பழைய முறையில் இருக்கும்போது சிஎஸ்எம் ஐ நிறுத்தினால் விண்டோஸே திறக்காது.

நிலாவெளி வாசகர்: எல்லாப் பாகமும் வாங்கி நானே பூட்டினேன். ரைசன் 5 7500எஃப், டிடிஆர்5. ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. கார்ட் பழுதா?

பதில்: கார்டைச் சந்தேகிக்குமுன் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். ஏஎம்5 மதர்போர்ட் முதல் தடவை டிடிஆர்5 ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். இந்த நேரத்தில் பொறுமையிழந்து பவரை நிறுத்தினால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அதன்பின்னும் வராவிட்டால் மொனிட்டர் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். 7500எஃப் இல் உள் கிராபிக்ஸ் இல்லை, மதர்போர்டின் எச்டிஎம்ஐ இல் மாட்டினால் ஒருநாளும் படம் வராது. கார்டின் போர்ட்டில் மாட்ட வேண்டும். பிறகு மதர்போர்டின் மேல் இடது மூலையில் புரொசெசருக்கான 8 முள் பவர் கேபிள் இருக்கிறதா பாருங்கள், புதிதாகப் பூட்டுபவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். கார்டுக்கான 8 முள்ளும் இதுவும் ஒரேமாதிரித் தெரியும். புரொசெசருக்கானது நான்கு நான்காகப் பிரியும், கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். பலவந்தமாகச் செருக வேண்டாம்.

ரேம் இரண்டு குச்சியும் புரொசெசரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் சொக்கெட்டில் இருக்க வேண்டும். டக் என்று சத்தம் வரும்வரை அமத்துங்கள். சரிவராவிட்டால் ஒரு குச்சியை மட்டும் இரண்டாம் சொக்கெட்டில் போட்டுப் பாருங்கள். மதர்போர்டின் ஓரத்தில் சிபியூ, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு லைட் இருந்தால், எதில் நின்று எரிகிறதோ அங்கேதான் கோளாறு. சிபியூவில் நின்றால் பயோஸ் பழையதாக இருக்கலாம், அல்லது சொக்கெட்டில் முள் வளைந்திருக்கலாம். ஏஎம்5 இல் முள் இருப்பது மதர்போர்டில், கூலரைக் கழற்றி டோர்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

படம் வந்தபின் இரண்டு வேலை மிச்சம். பயோஸில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குங்கள், இல்லாவிட்டால் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் 4800 இல்தான் ஓடும். விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் மொனிட்டரை 144 அல்லது 165 ஹேர்ட்ஸ் ஆக்குங்கள், அது பெரும்பாலும் 60 இலேயே நின்றிருக்கும்.

தம்பலகாமம் வாசகர்: கரண்ட் அடிக்கடி போய் வருகிறது. 650 விஏ யூபிஎஸ் போதுமா? போட்டாலும் சிலவேளை கணினி நின்றுவிடுகிறது என்கிறார்களே?

பதில்: 650 விஏ என்பது 360 முதல் 390 வொட்தான். நாங்கள் மேலே சொன்ன கணினியும் மொனிட்டரும் சேர்ந்து விளையாடும்போது 300 வொட்டைத் தொடும். ஆகவே தாங்கும், சில நிமிடத்துக்கு மட்டும். கேமைச் சேமித்துக் கணினியை ஒழுங்காக நிறுத்த அது போதும். விளையாட்டைத் தொடரப் போதாது. ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக்கும் அமைப்பு) உள்ள லைன் இன்டரெக்டிவ் ரகத்தில் 1200 விஏ எடுத்தால் நிம்மதி.

நின்றுவிடுவதற்குக் காரணம் வேறு. மலிவான யூபிஎஸ் பெற்றரியில் ஓடும்போது தரும் மின்சாரத்தின் அலை படிக்கட்டு வடிவில் இருக்கும். அக்டிவ் பிஎஃப்சி என்ற மின் சீராக்கும் சுற்று உள்ள நல்ல பவர் சப்ளைகள் சில அதை ஏற்காமல் நின்றுவிடும், யூபிஎஸ் சிறிதாக இருந்தால் இன்னும் அதிகம். சீரான அலை தரும் பியூர் சைன் வேவ் யூபிஎஸ் இதைத் தீர்க்கும். வாங்குமுன் கடையிலேயே கணினியை மாட்டி, கேம் ஒன்று ஓடும்போது சுவர்ச் சுவிட்சை நிறுத்திப் பார்ப்பது நிச்சயமான வழி. பெற்றரி சூட்டில் சீக்கிரம் சாகும். யூபிஎஸ்ஸைக் கணினியின் வெப்பக் காற்று படும் இடத்தில் வைக்காதீர்கள்.

அபயபுர வாசகர்: லிக்குவிட் கூலிங் வேண்டுமா?

பதில்: 65 வொட் புரொசெசருக்கு வேண்டாம். பெட்டியோடு வரும் கூலர் சத்தம் போட்டால் நான்கு ஹீட் பைப் உள்ள டவர் கூலர் ஒன்று போடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள்.

சாம்பல்தீவு வாசகர்: கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கினால் மலிவு, தெரிவும் கூட என்கிறார்கள். அங்கேயே பூட்டி எடுத்து வருவதா, பெட்டிகளாகக் கொண்டு வந்து இங்கே பூட்டுவதா? வொரன்டி என்ன ஆகும்?

பதில்: தெரிவு அங்கே கூட என்பது உண்மை. ஆனால் பாகம் பழுதானால் திரும்பக் கொழும்புக்குத்தான் கொண்டு போக வேண்டும், பஸ் காசும் ஒரு நாளும் போகும். பவர் சப்ளை, மதர்போர்ட் போன்றவற்றில் விலை வித்தியாசம் சிறிதென்றால் இங்கேயுள்ள கடையில் வாங்குவதே நல்லது. கிராபிக்ஸ் கார்டில் வித்தியாசம் பெரிதாக வரும், அதற்குக் கொழும்புக்குப் போகலாம்.

பில்லைக் கையில் வாங்கியதும் பின்பக்கத்தையும் வாசியுங்கள். ஒரு வருட வொரன்டி என்றால் 350 நாள் என்று பல பில்களில் அச்சடித்திருக்கும். எரிந்த அடையாளம், உடைவு, துரு இருந்தால் வொரன்டி இல்லை என்றும் இருக்கும். துரு என்ற சொல் எங்களுக்கு முக்கியம், பத்து மாதம் கடற்காற்றில் கிடந்த போர்ட்டைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெட்டியில் உள்ள சீரியல் இலக்கமும் பாகத்தில் உள்ளதும் பில்லில் உள்ளதும் மூன்றும் ஒன்றா என்று கடையை விட்டு வெளியேறுமுன் ஒப்பிடுங்கள். பெட்டிகளை வொரன்டி முடியும்வரை எறிய வேண்டாம். மதர்போர்ட் சொக்கெட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியையும் பத்திரப்படுத்துங்கள், அது இல்லாமல் மதர்போர்டைத் திருப்பி எடுக்க மறுப்பவர்கள் உண்டு.

கடையிலேயே பூட்டி ஒரு தடவை திரை வரப் பார்த்துவிடுங்கள். பிறகு கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ அளவு எடையுள்ள கார்ட் பிசிஐ சொக்கெட்டில் தொங்கிக்கொண்டு ஹபரணை, கந்தளாய் என்று குலுங்கி வந்தால் சொக்கெட்டே பிய்ந்துவிடும். பெரிய டவர் கூலர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். மீண்டும் மாட்டும்போது பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு கடலை அளவு வைக்க வேண்டும், ஆகவே பேஸ்ட் குழாய் ஒன்றையும் கேட்டு வாங்கி வாருங்கள். கேசிங்கை அதன் ரெஜிஃபோர்ம் அட்டையுடன் மதர்போர்ட் தட்டு கீழே இருக்கும்படி படுக்க வைத்துக் கொண்டு வாருங்கள். மொனிட்டரை மட்டும் படுக்க வைக்காமல், நிமிர்த்தி, மடியோடு அணைத்து வாருங்கள்.